கடலோர ஸ்ப்ரூஸ் மரத்தைக் கையால் தொட்டு அடையாளம் காணலாம்

வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களின் கடலோரக் காடுகளுக்குப் போய்வரும் நம்மவர்கள் பகிரும் படங்களில், ஊசியிலை மரம் எதுவானாலும் அதற்குப் பெயர் ‘பைன் மரம்’தான். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பைன் தோப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தக் காடுகளில் பைன் குறைவு. அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாமல் நிற்கும் மரங்களில் பெரும்பாலானவை மேற்கத்திய ஹெம்லாக், டக்ளஸ் ஃபிர், மேற்கத்திய சிவப்பு சிடார், சிட்கா ஸ்ப்ரூஸ் ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். அலைச்சத்தம் காதில் விழும் தூரத்தில் நிற்கிறீர்கள் என்றால், கடைசியாகச் சொன்னதாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. அதை எப்படி உறுதிப்படுத்திக்கொள்வது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. விரல்கள் இருந்தால் போதும், ஒரு கைலென்ஸும் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். சிட்கா ஸ்ப்ரூஸின் அறிவியல் பெயர் பைசியா சிட்சென்சிஸ். அலாஸ்காவில் இருக்கும் சிட்கா என்ற இடத்திலிருந்து வந்த பெயர் அது. கடற்கரை ஸ்ப்ரூஸ் என்றும் இதைச் சொல்வார்கள். வடக்கே அலாஸ்காவின் கோடியாக் தீவில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வழியாகத் தெற்கே கலிஃபோர்னியாவின் மெண்டசினோ கவுண்டி வரை, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் நீளத்துக்கு இது பரவியிருக்கிறது. ஆனால் அகலம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் கடலிலிருந்து 80 கிலோமீட்டருக்கு அப்பால் இதைப் பார்க்க முடியாது. தெற்கே போகப் போக அந்தப் பட்டை இன்னும் ஒடுங்கி, கடல் மூடுபனி எட்டுகிற சில கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பிடித்துக்கொண்டு மட்டும் கொஞ்ச தூரம் உள்ளே போகும்.

இப்படிக் கடலை விட்டு நகராமல் இருப்பதற்குக் காரணம் ஈரம். அந்தக் கரையில் குளிர்காலம் முழுக்க மழை கொட்டும், கோடையில் நன்றாகக் குறைந்துவிடும். அந்த மாதங்களில் கடலிலிருந்து வரும் மூடுபனி ஊசிகளில் படிந்து, திரண்டு, சொட்டுச் சொட்டாக வேரடிக்கு இறங்கும். உப்பு கலந்த காற்றையும் இந்த மரம் தாங்கிக்கொள்ளும். பக்கத்தில் வளரும் மற்ற பெருமரங்களுக்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது. அதனால் கடல் நீர்த்துளி தெறிக்கும் முதல் வரிசையில் இது தனியாகவே நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். உலகில் சுமார் 35 வகை ஸ்ப்ரூஸ் மரங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரியது இதுதான். வான்கூவர் தீவின் கார்மானா பள்ளத்தாக்கில் ‘கார்மானா ஜயன்ட்’ என்று பெயர் வைத்திருக்கும் மரம் 95 மீட்டரைத் தாண்டியது.

பாடப்புத்தக விதி தடுக்கும் இடம்

ஊசியிலை மரங்களைப் பிரித்தறிய ஆரம்பத்தில் எல்லோருக்கும் ஒரு விதி சொல்லித்தருவார்கள். ஊசிகள் இரண்டு, மூன்று, ஐந்து என்று கொத்துக் கொத்தாக வந்தால் பைன். தனித்தனியாக, தட்டையாக, மென்மையாக இருந்தால் ஃபிர். தனித்தனியாக, நான்கு பக்கங்களோடு, விரல்களுக்கு இடையே வைத்தால் உருளுவதாக இருந்தால் ஸ்ப்ரூஸ். நல்ல விதிதான். ஐரோப்பாவின் நார்வே ஸ்ப்ரூஸுக்கும் கனடாவின் உள்நாட்டு வெள்ளை ஸ்ப்ரூஸுக்கும் அப்படியே பொருந்தும்.

சிட்கா ஸ்ப்ரூஸில்தான் சிக்கல். இதன் ஊசி தட்டையானது. ஒரு பக்கம் கரும்பச்சை, மறுபக்கம் இரண்டு வெண்பட்டைகள். விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிற ஒருவர் இதை ஃபிர் என்றே முடிவு கட்டுவார். விதியை நேர்மையாகப் பின்பற்றினால் தவறான விடை வரும் என்பதால், தொடங்குகிறவர்கள் அதிகம் குழம்புவது இந்த மரத்தில்தான். எனவே ஊசி தட்டையா உருண்டையா என்ற கேள்வியை இந்தக் கரையில் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. குத்துகிறதா? ஊசி உதிர்ந்த இடத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது?

ஊசியும் அது உட்கார்ந்திருக்கும் முளையும்

ஒரு கிளைநுனியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காக்களில் எதையும் ஒடிக்கக் கூடாது. ஒடிக்க வேண்டிய தேவையும் வராது. ஒரு காற்று அடித்து ஓய்ந்த பிறகு போனால், பாதை நெடுகப் பச்சைக் கிளைநுனிகள் விழுந்து கிடக்கும்.

உள்ளங்கையில் வைத்து மெல்ல விரல்களை மூடுங்கள். சிட்கா ஸ்ப்ரூஸ் என்றால் மூடவே விடாது. ஊசி 1.5 முதல் 2.5 சென்டிமீட்டர் நீளம்தான், ஆனால் விறைப்பானது, நுனி உண்மையிலேயே ஊசிமுனை. கிளையைச் சுற்றி எல்லாத் திசையிலும் நீட்டிக்கொண்டிருப்பதால் எப்படிப் பிடித்தாலும் குத்தும். ஹெம்லாக் கிளையைக் கன்னத்தில் தேய்த்துக்கொள்ளலாம், அதன் ஊசி குட்டையாக, நுனி மழுங்கலாக, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஒழுங்கில்லாமல் இருக்கும். டக்ளஸ் ஃபிர் ஊசியும் கையில் வளைந்துகொடுக்கும். பெரிய ஃபிர் எனப்படும் கிராண்ட் ஃபிரின் ஊசி, நுனியில் சின்னதாக ஒரு வெட்டுப் பட்டதுபோல் பிளந்திருக்கும், குத்தாது. ஆக, அந்தக் கரைக் காட்டில் தனித்தனி ஊசிகளோடு கையை நன்றாகக் குத்துகிற பெருமரம் என்றால் பெரும்பாலும் விடை கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம்.

இப்போது ஊசியைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பளபளப்பான கரும்பச்சை. மறுபக்கம் நடுவே ஒரு மெல்லிய மேடு, அதன் இருபுறமும் நீலம் பாய்ந்த வெண்மையில் இரண்டு பட்டைகள். அந்த வெண்பட்டைகள்தான் மரம் மூச்சுவிடும் இலைத்துளைகள் வரிசையாக அமைந்த இடம். கைலென்ஸில் பார்த்தால் பட்டை முழுதாக இல்லாமல் நுண்ணிய வெள்ளைப் புள்ளிகள் கோடு கோடாக அமைந்திருப்பது தெரியும். புள்ளிகளின் வெண்மை, துளைகளின் மேல் படிந்த மெழுகால் வருவது. காற்றில் கிளைகள் புரளும்போது மரம் முழுக்க நீலச்சாம்பல் நிறமாக மாறி மாறித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். நார்வே ஸ்ப்ரூஸ் ஊசி தடையில்லாமல் உருளும். இது உருளாது, புரண்டு படுத்துக்கொள்ளும். ஆனால் ஃபிர் ஊசி அளவுக்கு முழுத் தட்டையும் இல்லை. நடுவில் இருக்கும் அந்த மேட்டை விரல் உணரும்.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. ஊசி உதிர்ந்துபோன, கொஞ்சம் காய்ந்த பகுதியைக் கிளையில் தேடுங்கள். அதன்மேல் விரலை நுனியிலிருந்து அடிப்பக்கமாக ஓட்டுங்கள். அரத்தைத் தடவியதுபோல் சொரசொரவென்று தடுக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு ஊசி இருந்த இடத்திலும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் சின்ன மரமுளை ஒன்று, நுனி பார்த்துச் சாய்ந்தபடி எழும்பி நிற்கும். ஊசி நேரடியாகக் கிளைத்தோலில் முளைப்பதில்லை, இந்த முளையின் தலையில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஊசி விழுந்தாலும் முளை விழாது, ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். முளைகளுக்கு இடையே கிளைத்தோலில் வாய்க்கால்போலப் பள்ளங்கள் ஓடும். கிளைத்தோல் வெளிர்பழுப்பு நிறம், அதில் ரோமம் இருக்காது.

இந்த முளை எல்லா ஸ்ப்ரூஸ் மரங்களுக்கும் பொது. ஊசி தட்டையோ சதுரமோ, நீலமோ பச்சையோ, இது மாறாது. அதனால் என் கணக்கில் ஸ்ப்ரூஸ் இனத்துக்கு இதைவிட உறுதியான அடையாளம் இல்லை. ஃபிர் கிளையில் ஊசி உதிர்ந்தால் தோலோடு தோலாக ஒரு வட்டத் தழும்புதான் மிஞ்சும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். டக்ளஸ் ஃபிரிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். அதற்கு இன்னொரு நல்ல அடையாளமும் உண்டு, கிளைநுனியில் இருக்கும் மொட்டு நீண்டு, செம்பழுப்பாக, கூராக முடியும். சிட்கா ஸ்ப்ரூஸின் மொட்டு முட்டை வடிவில் மழுங்கலாக இருக்கும். ஹெம்லாக்கில் மட்டும் கவனம் வேண்டும். அதற்கும் சிறிய முளைகள் உண்டு, கிளை கொஞ்சம் சொரசொரப்பாகவே இருக்கும். ஆனால் அதில் ஊசிக்கும் முளைக்கும் இடையே நூல்போல ஒரு காம்பு இருக்கும், ஊசியும் மென்மை. குத்துதலையும் முளையையும் சேர்த்துப் பார்த்தால் ஹெம்லாக் விலகிவிடும்.

பச்சையாக இருக்கும் ஊசியைப் பிய்த்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பிய்க்கும்போது முளையோடு கிளைத்தோலும் சேர்ந்து கிழிந்து வரும், ஒன்றும் புரியாது. தானாக உதிர்ந்த இடத்தைப் பார்ப்பதுதான் சரி. விழுந்த கிளையை வீட்டுக்குள் இரண்டு நாள் காயவைத்தால், ஸ்ப்ரூஸ் ஊசிகள் கொட்டத் தொடங்கிவிடும்.

தரையில் கிடக்கும் சாட்சி

வளர்ந்த மரத்தில் கிளைகள் எட்டாத உயரத்தில் இருக்கும். அப்போது தரையைப் பாருங்கள். சிட்கா ஸ்ப்ரூஸின் கூம்பு 6 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், வெளிர்பழுப்பு நிறம், எடுத்தால் எடையே தெரியாது. செதில்கள் காகிதத்தைப்போல மெல்லியவை. கையில் வைத்து அழுத்தினால் சரசரவென்று நொறுங்கும். செதிலின் விளிம்பு சீராக வெட்டியதாக இருக்காது. அலையலையாக நெளிந்து, ஒழுங்கற்ற சிறு பற்களோடு, யாரோ கடித்து விட்டதுபோல் முடியும். இந்த மெல்லிய, நெளிந்த செதில்தான் கூம்பின் முத்திரை. கூம்பு கிளையில் தலைகீழாகத் தொங்கும், விதைகளை உதிர்த்த பிறகு முழுசாகவே விழும். விதை சுமார் 3 மில்லிமீட்டர், கறுப்பு, ஒரு மெல்லிய சிறகு உண்டு. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

மற்றவற்றின் கூம்புகளும் அதே தரையில்தான் கிடக்கும் என்பதால் அவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். டக்ளஸ் ஃபிர் கூம்பில் செதில்களுக்கு இடையிலிருந்து மூன்று முனைகளாகப் பிரிந்த நாக்குகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ஹெம்லாக் கூம்பு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர்தான். கிராண்ட் ஃபிர் கூம்பு கிளைமேல் நிமிர்ந்து நின்று, அங்கேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். அதனால் முழு ஃபிர் கூம்பு தரையில் கிடப்பது அபூர்வம். முழுக் கூம்பு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அணில்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து விதையைத் தின்றுவிட்டுச் செதில்களைக் குவியலாக விட்டுப்போயிருக்கும். அந்தக் குவியலிலிருந்து ஒரு செதிலை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விளிம்பின் நெளிவு தெரிந்துவிடும்.

இங்கே ஒரு ஏமாற்று வித்தையும் உண்டு. சில மரங்களில் கிளைநுனிகளில் சின்னச் சின்னக் கூம்புகள்போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். பச்சையாகவோ ஊதாவாகவோ தொடங்கி, கோடையின் பிற்பகுதியில் பழுப்பாகக் காய்ந்துவிடும். அவை கூம்புகளே அல்ல. அசுவினிக்கு நெருங்கிய உறவான கூலி அடெல்ஜிட் என்ற சிறு பூச்சி உண்டாக்கும் கரணைகள், அதாவது வீக்கங்கள் அவை. ஸ்ப்ரூஸில் ஒரு பருவமும் டக்ளஸ் ஃபிரில் ஒரு பருவமுமாக மாறி மாறி வாழும் பூச்சி அது. புதுத் தளிரைக் குத்தி உறிஞ்சும்போது ஊசிகளின் அடிப்பகுதிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டி இந்த உருவம் வருகிறது. உண்மையான கூம்புக்கும் இதற்கும் வேறுபாடு சுலபம். இதில் செதில் இருக்கவேண்டிய இடத்தில் ஊசியின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சற்று யோசித்தால் இதிலும் ஒரு பயன் உண்டு. இந்தக் கரணை இருந்தாலே மரம் ஸ்ப்ரூஸ்தான், டக்ளஸ் ஃபிரில் இந்தப் பூச்சி கரணை உண்டாக்குவதில்லை.

கூம்பே இல்லாத மரமும் இருக்கலாம். சிட்கா ஸ்ப்ரூஸ் கூம்பு விடத் தொடங்கவே 20 வயதாவது ஆக வேண்டும். நியூசிலாந்துக்குத் தெற்கே கேம்பல் தீவில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நட்ட ஒற்றைச் சிட்கா ஸ்ப்ரூஸ் நிற்கிறது. சுற்றிலும் 200 கிலோமீட்டருக்கு மேல் வேறு மரமே கிடையாது. நூறு வயது கடந்தும் அது கூம்பு விட்டதில்லை. அப்படிப்பட்ட மரத்தையும் ஊசியும் முளையும் காட்டிக்கொடுத்துவிடும்.

பட்டை

கடலோரக் காட்டில் நடக்கும்போது கண்மட்டத்தில் இருப்பது அடிமரப் பட்டைதான். சிட்கா ஸ்ப்ரூஸின் பட்டையில் நீளவாக்கில் பிளவுகள் இருக்காது. அதற்குப் பதிலாக, ஓரம் வளைந்து எழும்பிய அப்பளத் துண்டுகளை அடுக்கி ஒட்டியதுபோல், வட்டமும் நீள்வட்டமுமான தகடுகள் மரம் முழுக்கப் படிந்திருக்கும். ஒரு தகடு 5 முதல் 20 சென்டிமீட்டர் குறுக்களவு வரும். நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, சில மரங்களில் ஊதா ஓடும். தகடு விழுந்த இடத்தில் அடியில் செம்பழுப்பாகத் தெரியும். மரத்தடியில் இந்தத் தகடுகள் உதிர்ந்து குவிந்திருக்கும்.

ஆச்சரியம் என்னவென்றால், இரண்டு மூன்று பேர் கைகோத்தாலும் எட்டாத பருமனுள்ள மரத்திலும் இந்தப் பட்டை மெல்லியதுதான். பக்கத்தில் நிற்கும் கிழட்டு டக்ளஸ் ஃபிரில் கை முழுக்க உள்ளே போகும் ஆழத்துக்குப் பள்ளங்கள் இருக்கும், பட்டை 30 சென்டிமீட்டர் வரைகூடத் தடிக்கும். டக்ளஸ் ஃபிர் தீயைத் தாங்கி வளரும் மரம், அதற்கு அந்தக் கவசம் தேவை. சிட்கா ஸ்ப்ரூஸ் மூடுபனிக்குள்ளேயே வாழ்கிறது. காட்டுத்தீ அரிதாக வரும் இடம் என்பதால் அதற்குக் கவசம் இல்லை, தீ வந்தால் எளிதில் மடிந்துவிடும். பட்டையைத் தட்டிப் பார்க்கும்போது அந்த மரம் எப்படிப்பட்ட இடத்தில் வாழப் பழகியது என்பதும் சேர்ந்தே தெரிகிறது. சிவப்பு சிடாரைப் பிரிப்பது இன்னும் சுலபம். அதன் பட்டை நார் நாராக நீளவாக்கில் உரியும், இலையும் ஊசியாக இல்லாமல் செதிலாகப் படிந்திருக்கும்.

உருவத்தை நம்பலாமா?

ஓரளவுக்குத்தான். இளமரத்தின் உச்சி நேராக நிமிர்ந்து நிற்கும். ஹெம்லாக்கின் உச்சிக்கொழுந்து ஒரு பக்கமாகத் தொங்கும். தொலைவிலிருந்து பார்க்கையில் இந்த ஒன்று மட்டும் கைகொடுக்கும். ஆனால் வீவில் என்ற வண்டு வகை சிட்கா ஸ்ப்ரூஸின் உச்சிக்கொழுந்தைக் குடைந்து கொன்றுவிடுவது வழக்கம். அதற்குப் பிறகு பக்கக் கிளைகள் உச்சியாக எழும்பி மரம் கோணலாகவோ கவட்டையாகவோ வளரும். காற்று அறையும் மேட்டுக்கரைகளில் இதே மரம் கடலுக்கு முதுகு காட்டிக் குட்டையாகப் படுத்துக் கிடக்கும். ஓரிகனில் கேப் மியர்ஸ் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘ஆக்டோபஸ் மரம்’ சிட்கா ஸ்ப்ரூஸ்தான். நடுமரம் என்ற ஒன்றே இல்லாமல் அடியிலிருந்தே பல பெருங்கிளைகள் பக்கவாட்டில் போய் மேலே திரும்பியிருக்கின்றன. உருவத்தை மட்டும் பார்த்து அதை யாரும் ஸ்ப்ரூஸ் என்று சொல்லிவிட முடியாது.

பழைய காடுகளில் அடிமரத்தைக் கவனியுங்கள். தரைக்கருகே பருத்து, முட்டுக்கொடுத்ததுபோல வேர்கள் விரிந்திருக்கும். ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் ஹோ மழைக்காட்டில் இன்னொன்றும் பார்க்கலாம். ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டர் வாக்கில் மழை பெய்யும் இடம் அது. தரை முழுக்கப் பாசியும் பெரணியும் மண்டியிருப்பதால் விதை வேர்விட இடம் கிடைப்பதில்லை. விழுந்து மக்கும் பெருமரத்தின் முதுகில்தான் கன்றுகள் பிழைக்கின்றன. அவற்றின் வேர்கள் கட்டையைச் சுற்றி இறங்கி மண்ணைத் தொடும். பல நூறு ஆண்டுகளில் கட்டை மக்கி மறைந்ததும், வளர்ந்த மரங்கள் நூல் பிடித்தது மாதிரி ஒரே வரிசையில், வேர்க்கால்களுக்கு இடையே வெற்றிடத்தோடு நிற்கும். ஆனால் ஹெம்லாக்கும் இதே மாதிரி வளர்வதால் இதை அடையாளமாக வைத்துக்கொள்ள முடியாது. நின்று பார்த்து வியக்க வேண்டிய விஷயம் என்பதால் சொன்னேன்.

நிறத்தையும் அளவோடுதான் நம்ப வேண்டும். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஹைடா குவாய் தீவுகளில், யாகூன் ஆற்றங்கரையில், அங்குள்ள பூர்வகுடிகளான ஹைடா மக்கள் கீட்கியாஸ் என்று அழைத்து மதித்த சிட்கா ஸ்ப்ரூஸ் ஒன்று இருந்தது. மரபுப் பிறழ்வால் வெயில் படும் ஊசிகளில் பச்சையம் போதாமல், மரம் முழுக்கப் பொன்னிறமாக நின்றது. 1997 ஜனவரியில், வெட்டுமரத் தொழில்மீது கோபம் கொண்ட ஒருவர் இரவோடு இரவாக அதை அறுத்து வைத்துவிட்டுப் போக, பிறகு அது காற்றில் சாய்ந்தது. 300 வயது வாக்கில் இருந்த மரம். ஹைடா மக்களுக்கு அது மூதாதையர் கதையோடு பிணைந்தது, அந்த இழப்பைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

குழப்பும் சொந்தக்காரர்கள்

சியாட்டிலிலோ வான்கூவரிலோ வீட்டுத் தோட்டத்தில், பள்ளி வாசலில் நீலமாக ஒரு ஸ்ப்ரூஸ் இருந்தால் அது சிட்காவாக இருக்க வாய்ப்பு குறைவு. கொலராடோ நீல ஸ்ப்ரூஸ் அழகுக்காக எங்கும் நட்டிருக்கிறார்கள். அதுவும் நன்றாகக் குத்தும். அதன் கூம்பிலும் செதில்கள் காகிதம்போல மெலிந்து நெளிந்திருக்கும். முளையும் உண்டு. அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? கடைசிக்குத் தள்ளிவைத்த கேள்வி இங்கேதான் உதவும். நீல ஸ்ப்ரூஸின் ஊசி நான்கு பக்கங்கள் கொண்டது, உருளும். இலைத்துளைக் கோடுகள் நான்கு பக்கமும் இருப்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நீலம். சிட்காவில் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் வெண்பட்டை. ஸ்ப்ரூஸ்தான் என்று முளை சொன்ன பிறகு ஊசியின் தட்டையைப் பார்த்தால் அதே விதி சரியான விடையைத் தரும். விதியைப் பயன்படுத்தும் வரிசைதான் முக்கியம்.

பிரிட்டனிலோ அயர்லாந்திலோ இருப்பவர்களுக்கும் இந்த மரம் அந்நியமில்லை. டேவிட் டக்ளஸ் என்ற ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர் 1831இல் இதன் விதைகளை அங்கே கொண்டுசேர்த்தார். இன்று ஸ்காட்லாந்தின் மலைச்சரிவுகளில் மரத்துக்காக வரிசை வரிசையாக வளர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். அங்கே ஒப்பிட வேண்டியது நார்வே ஸ்ப்ரூஸ். அதன் ஊசி உருளும், வெண்பட்டை தெரியாது, அடிமரப் பட்டை செம்மை ஓடியது, கூம்பு 9 முதல் 17 சென்டிமீட்டர் வரை நீளும்.

வசந்தத்தில் வரும் இளம்பச்சைத் தளிர்களைத் தேநீரில் போடுகிறார்கள் என்று படித்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதே காடுகளில் பசிஃபிக் யூ என்ற சிறுமரமும் வளர்கிறது. அதுவும் தட்டை ஊசி, ஆனால் நஞ்சு. ஊசி குத்தாது, அடியில் வெண்பட்டை இராது, கூம்புக்குப் பதில் சிவப்பாகப் பழம்போல ஒன்று இருக்கும். அடையாளம் முழுசாக உறுதிப்படாத எதையும் வாயில் வைக்காதீர்கள்.

கடைசியாக, இவ்வளவு பார்த்தும் விடை வராத இடங்கள் சில உண்டு. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் கடலோரச் சிட்காவும் உள்நாட்டு வெள்ளை ஸ்ப்ரூஸும் சந்திக்கின்றன. சந்தித்த இடத்தில் கலந்தும்விடுகின்றன, அந்தக் கலப்புக்கு லட்ஸ் ஸ்ப்ரூஸ் என்று தனிப்பெயரே இருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீனா, நாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் இதே கதைதான். வெள்ளை ஸ்ப்ரூஸின் கூம்பு 3 முதல் 6 சென்டிமீட்டர், செதில் விளிம்பு வழவழப்பாக வட்டமாக முடியும். கலப்பு மரத்தில் கூம்பு நடுத்தர நீளம், விளிம்பு லேசாக மட்டும் நெளிந்திருக்கும், ஊசி பாதி தட்டை. கடலை விட்டு ஆற்றோடு மேலே போகப் போக மரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிட்காவின் சாயலை இழந்துகொண்டே போகும். அங்கே நின்று இதுவா அதுவா என்று அடம்பிடிக்க வேண்டாம், குறிப்பேட்டில் ‘கலப்பு ஸ்ப்ரூஸ்’ என்று எழுதி, கூம்பின் நீளத்தையும் செதில் விளிம்பையும் பக்கத்தில் குறித்துவைத்தால் அதுவே முழுமையான விடை.